அன்றாட வேத தியானம்: தென் திருவிதாங்கூரில் ஒரு வழக்கத்தின் வரலாறு

அன்றாட வேத தியானம் என்பது கிறிஸ்தவர்கள் நாள்தோறும் வேதாகமத்தின் ஒரு பகுதியையோ ஒரே ஒரு வசனத்தையோ வாசித்து, அதை அன்றைய பாடுகளோடு பொருத்திப் பார்த்து ஜெபிக்கும் வழக்கம். விடியற்காலையில் தனியாகவும், அந்தி சாய்ந்தபின் குடும்பமாகவும் இது நடக்கிறது. கன்னியாகுமரி முதல் திருவனந்தபுரம் வரை நீளும் பழைய தென் திருவிதாங்கூரில் இந்த வழக்கம் வேரூன்றிய கதை, அங்கே எழுத்தறிவு பரவிய கதையும்கூட.

சொற்கள்

தியான நூல்களின் அட்டையில் அடிக்கடி காணப்படும் சொல் ‘மன்னா’. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் கிடைத்த உணவு அது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டுமே சேர்க்கலாம். மறுநாளுக்கு எடுத்து வைத்தால் புழுத்துவிடும், ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் விலக்கு. நேற்று வாசித்தது இன்றைக்குப் போதாது என்ற எண்ணத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைத்திருக்காது.

‘வாக்குத்தத்தம்’ என்பது இறைவன் கொடுத்த சொல். கத்தோலிக்கர் இதை ‘வாக்குறுதி’ என்பார்கள். புராட்டஸ்டன்டு வீட்டில் ‘ஜெபம்’, கத்தோலிக்க வீட்டில் ‘செபம்’. ஒரு மனிதர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதைப் பல நேரங்களில் அந்த ஓர் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

காதால் கேட்ட காலம்

புத்தகம் வருவதற்கு முன்பே மனப்பாடம் வந்துவிட்டது. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பிரான்சிஸ் சவேரியார் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி, தமிழாக்கிய மன்றாட்டுகளையும் விசுவாச அறிக்கையையும் பத்துக் கட்டளைகளையும் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கு அதைக் கற்பிக்க வேண்டும். 1544இல் அவர் திருவிதாங்கூர்க் கரைக்கு வந்தபோதும் இதே முறையையே கையாண்டார்.

இம்முறைக்கு அச்சு வடிவம் தந்தவர் அண்டிரிக் அடிகளார் எனப்படும் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். இந்தியாவில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல், திருவனந்தபுரத்துக்குச் சற்று வடக்கே வெளிவந்த இந்தத் தமிழ் மன்றாட்டு நூல்தான். ஆனால் அதில் இருந்தது மறைக்கல்வியும் மன்றாட்டுகளும். விவிலியம் தமிழில் அச்சேற மேலும் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அச்சேறிய வேதம்

தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. 1719இல் அவர் இறந்தபோது பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் ஆகமம்வரை வந்திருந்தது. எஞ்சியதை பெஞ்சமின் சுல்ட்சே தொடர்ந்து, 1728இல் பணியை நிறைவுசெய்தார். பப்ரிசியுஸின் நடையழகு மிக்க மொழிபெயர்ப்பு, அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1796இல் முழுமையாக வெளிவந்தது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளியான பதிப்பே, இன்றும் பெரும்பாலான தமிழ்ப் புராட்டஸ்டன்டு வீடுகளில் ஒலிக்கும் மொழி. 1995இல் எளிய தமிழில் ‘திருவிவிலியம்’ வந்தபின்னும் பலருக்கு மனப்பாடமாக இருப்பது பவர் பதிப்பின் வசனங்களே.

மயிலாடி முதல் பாளையம் வரை

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கியபோது கிறிஸ்தவரானார். வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் வந்து சேர்ந்தார். அவர் அழைத்ததன் பேரில் 1806இல் லண்டன் மிஷன் சார்பில் ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1818இல் நாகர்கோவிலில் பொறுப்பேற்ற சார்லஸ் மீட் பள்ளிகளோடு அச்சகத்தையும் நிறுவினார்.

பள்ளியும் அச்சகமும் ஒன்றாக வந்ததில்தான் விஷயம் இருக்கிறது. சபைகளில் சேர்ந்தவர்களில் பலர் எழுத்து வாசனையே மறுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் சிலர் அடிமைகளாகவே இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரச ஆணை 1855இல்தான் வந்தது. அத்தகைய குடும்பத்தில் ஒரு சிறுமி தாய்க்கு வசனம் வாசித்துக் காட்டுவது பக்தி மட்டுமல்ல, உரிமையும்கூட. வாசிக்கத் தெரியாதவர்களுக்காக உபதேசியார்களும், வீடு வீடாகச் சென்று வேதம் வாசித்துக் காட்டும் பெண்களும் இருந்தார்கள்.

திருவனந்தபுரத்தில் லண்டன் மிஷன் நிலையத்தை ஜான் காக்ஸ் 1838இல் தொடங்கினார். பின்னாளில் அங்கே பணியாற்றிய சாமுவேல் மட்டீர், திருவிதாங்கூர் மக்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூல்களுக்காக நினைக்கப்படுகிறார். பாளையத்துக்கு அருகே லண்டன் மிஷனின் எல்.எம்.எஸ். வளாகத்தில் 1906இல் எழுந்த எம்.எம். சர்ச் (மட்டீர் நினைவு ஆலயம்) அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையும் இந்நகரின் மகாராஜா கல்லூரியில் சில ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர்.

சீட்டும் பெட்டியும்

ஒரு நாளுக்கு ஒரு வசனம் என்ற ஏற்பாட்டின் புகழ்பெற்ற முன்னோடி ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமம். 1728இல் சின்சன்டார்ஃப் பிரபு அன்றைய வசனத்தை வீடு வீடாகச் சொல்லி அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக வருகிறது. வசனங்களைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். ஹெர்ன்ஹூட் சமூகத்தினர் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தங்கியிருந்தார்கள்.

தமிழ்ச் சபைகளின் வாக்குத்தத்த அட்டை இதற்கு நெருங்கிய சொந்தம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் அடுக்கிய அட்டைகளில் ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வசனம் அந்த ஆண்டு முழுவதற்கும் எடுத்தவருடையது. அதை வேதாகமத்துக்குள் செருகி வைப்பவர்கள் உண்டு, பர்ஸில் வைத்திருப்பவர்கள் உண்டு, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுபவர்களும் உண்டு. சுருட்டிய சீட்டுகள் அடங்கிய வாக்குத்தத்தப் பெட்டி இதன் தினசரி வடிவம்.

இறையியலாளர்கள் இதில் குறை காண்கிறார்கள். ஆறுதல் தரும் வரிகளை மட்டும் பொறுக்கினால் கண்டிக்கும் வரிகள் கண்ணில் படாது என்பது அவர்கள் வாதம். அட்டைகளில் மிகவும் விரும்பப்படும் எரேமியா 29:11 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வரும் வசனம் அது. அதற்கு முந்தின வசனமே, விடுதலைக்கு எழுபது ஆண்டு ஆகும் என்கிறது. கேட்டவர்களில் பலர் அதைக் காண உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். முழு அதிகாரத்தையும் வாசித்தவருக்கு அந்த ஆறுதலின் கனம் வேறு. வேதாகமத்தை வரிசையாக வாசிக்கும் அட்டவணைகளைச் சபைகள் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வானலையும் கைப்பேசியும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேத தியானம் மறுபடி காதுக்கு வந்தது. செஷல்ஸ் தீவுகளிலிருந்து ஃபீபா வானொலி 1970 முதல் 2003 வரை சிற்றலையில் ஒலிபரப்பிய மொழிகளில் தமிழும் உண்டு. 2008இல் வந்த யூவெர்ஷன் செயலி அன்றைய வசனத்தைக் கைப்பேசித் திரைக்கே கொண்டுவந்தது. 2020இல் பெருந்தொற்றால் ஆலயங்கள் மூடப்பட்டபோது போதகர்கள் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் காலை வசனத்தை அனுப்பினார்கள். ஆலயம் திறந்தபின்னும் பலர் அதை நிறுத்தவில்லை.

ஒரு வேதம், இரு மொழி

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே போகப் போக மலையாளமும் தமிழும் கலந்து வரும். நெய்யாற்றின்கரை வட்டத்துத் திருப்புறத்தில் பிறந்த மோசவல்சலம் சாஸ்திரியார் (1847–1916) கர்நாடக இசை மெட்டில் மலையாளக் கிறிஸ்தவப் பாடல்களை இயற்றியவர்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. 1959இல், லண்டன் மிஷன் சபைகள் இணைந்திருந்த தென்னிந்தியத் திருச்சபையும் கன்னியாகுமரிப் பேராயத்தைத் தனியாகப் பிரித்தது. அதன் தலைமையிடம் நாகர்கோவில். தென் கேரளப் பேராயத்தின் தலைமையிடம் திருவனந்தபுரம் எல்.எம்.எஸ். வளாகம். மாநில எல்லையிலுள்ள களியக்காவிளைக்குக் கிழக்கே புராட்டஸ்டன்டு வீடுகளில் அந்தி ஜெபத்துக்குத் திறப்பது தமிழ் வேதாகமம். மேற்கே பாறசாலையில் பெரும்பாலும் 1910ஆம் ஆண்டின் மலையாள ‘சத்யவேதபுஸ்தகம்’. மலைகளை நோக்கிக் கண்ணை ஏறெடுக்கும் பாடலுக்கு ஒருபுறம் பெயர் சங்கீதம் 121, மறுபுறம் சங்கீர்த்தனம் 121, தமிழ்க் கத்தோலிக்கர் வீட்டில் திருப்பாடல் 121.