என்ஜினீயரா நீங்கள்... பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பி.பி.டி வேண்டாம், காகிதம் எடுத்துட்டுப் போங்க!

"செப்டம்பர் 15 இன்ஜினீயர்ஸ் டே. எங்க கிளாஸுக்கு வந்து பேசுறீங்களா சார்?" உங்கள் குழந்தையின் டீச்சர் இப்படிக் கேட்டிருக்கலாம். விஸ்வேஸ்வரய்யாவின் பிறந்தநாளில் 40 ஸ்லைடு ஓட்டினால், பத்தாவது நிமிஷமே பசங்க கொட்டாவி விட்டுடுவாங்க. பேச்சைக் குறைத்து, கைக்கு வேலை கொடுங்கள். 40 நிமிட பீரியடுக்கு இந்த இரண்டு செய்முறைகளே போதும்.

காகிதப் பாலம்

தேவை: நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஏ4 தாள் இரண்டு, ஒரே உயரமுள்ள புத்தகக் கட்டுகள் இரண்டு, சில்லறைக் காசுகள்.

புத்தகங்களை 15 செ.மீ இடைவெளியில் வைத்து, மேலே தாளை விரித்துக் காசு வைக்கச் சொல்லுங்கள். உடனே தொய்ந்துவிடும். "இதே தாள்தான். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. எப்படித் தாங்க வைப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொள்ளுங்கள். விடையை நீங்கள் சொல்லவே கூடாது.

யாராவது ஒருவர் விசிறி மாதிரி மடிப்பார். காசுகள் ஏற ஏற வகுப்பே எண்ண ஆரம்பிக்கும். தாளுக்கு உயரம் கூடியதால் வளையாமல் நிற்கிறது என்பதை அப்புறம் சொல்லுங்கள். தகரக் கூரையின் நெளிவும் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் அலையும் இதே சங்கதிதான்.

தீக்குச்சியும் வால்வ் டியூபும்

டெல்கோவில் வேலை பார்த்த ஐ.ஐ.டி கான்பூர் இன்ஜினீயர் அரவிந்த் குப்தா, 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்தில் சேர்ந்தபோது உருவாக்கிய விளையாட்டு இது. 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

சைக்கிள் வால்வ் டியூபை 1 செ.மீ துண்டுகளாக நறுக்குங்கள். தீக்குச்சிகளின் மருந்தை வீட்டிலேயே சுரண்டி எடுத்துவிடுங்கள். குச்சிகளை டியூபால் இணைத்து ஒரு சதுரம், ஒரு முக்கோணம் செய்யச் சொல்லுங்கள். மூலையை அழுத்தினால் சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. "செல்போன் டவர்ல ஏன் இவ்ளோ முக்கோணம்?" என்று கேளுங்கள். பதில் அவர்களிடமிருந்தே வரும்.

இதையெல்லாம் மறக்காதீங்க

* அறிமுகம் 5 நிமிடம், செய்முறை 25, பேச்சு 10.

* முதல் முயற்சி சரிந்தால், இரண்டாவது வாய்ப்பு கட்டாயம் கொடுங்கள். 'ஏன் விழுந்துச்சு?' என்று யோசிக்கிற அந்த நிமிடம்தான் இன்ஜினீயரிங்.

* பையன்கள் மடிக்க, பெண் பிள்ளைகள் நோட்டில் எழுத என்று வேலை பிரிந்துவிடும். பார்த்துக்கொண்டே இருங்கள். இரண்டாவது சுற்றில் வேலையை மாற்றிவிடுங்கள்.

* பரிசு வேண்டாம். ஜெயித்த குழுவை மட்டும் பாராட்டினால், மற்றவர்கள் 'இது நமக்கு வராது' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

கிளம்பும்போது மிச்சமிருக்கும் வால்வ் டியூபைக் கடைசி பெஞ்சில் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்குப் போயும் அந்தக் கை சும்மா இருக்காது!