ஆளில்லா வண்டியும் நம் ஊர் ஆட்களும்

2025ல் ஒரு நாள் பேரனை அழைத்துக்கொண்டு பூந்தமல்லி போயிருந்தேன். பைபாஸ் அருகே தலைக்கு மேலே மெட்ரோ பாதை. அதில் டிரைவர் இல்லாத ரயிலுக்குச் சோதனை ஓட்டம் நடப்பதாக அவன் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு வந்திருந்தான். மூன்று பெட்டி ரயில் ஒன்று மெதுவாகப் போனது. அவனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

பக்கத்தில் பூக்கூடையோடு நின்றிருந்த ஒரு பாட்டியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் சாமி, ஓட்டறவனே இல்லாம ஓடுதாமே? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரைப் போயிக் கேக்கறது?"

பேரன் சிரித்துவிட்டான். "பாட்டிக்குத் தெரியல தாத்தா, எல்லாம் கம்ப்யூட்டர்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்தக் கேள்வியை நான் நம் ஏரியாவில் அறுபது வருஷமாக வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டு வருகிறேன்.

நம் பக்கம் எப்படி இருந்தது என்பதை இந்தத் தலைமுறைக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஏரியும் வயலுமாகக் கிடந்த ஊர்கள். அம்பத்தூரில் 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. 1959ல் டன்லப் டயர் தொழிற்சாலை. 1961ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அதாவது நம் எல்லோருக்கும் தெரிந்த எச்.வி.எஃப். பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா. அறுபதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இருபது வருஷத்துக்குள் நாற்று நட்ட கைகள் லேத் பிடிக்கக் கற்றுக்கொண்டன. நானும் அப்படி வந்த ஒருவன்தான். 1971ல் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டர்னராகச் சேர்ந்து, 2008ல் ஓய்வு பெற்றேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் இயந்திரம் ஒரு பழைய ஹெர்குலிஸ் சைக்கிள். 1962ல் அப்பா வாங்கினார். திருமுல்லைவாயலிலிருந்து வில்லிவாக்கம் வரை காய்கறி மூட்டையோடு மிதிப்பார். பாட்டி மட்டும் ஒரு மாதம் அதைத் தொடவில்லை. "ரெண்டு சக்கரத்துல நிக்கிற வண்டியை எப்படிடா நம்பறது?" என்பார். சைக்கிளுக்கு லைசன்ஸ் வில்லை வாங்க வேண்டும், ராத்திரியில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனாலும் பிடிக்கும். இதெல்லாம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆறு மாதம் கழித்து அதே பாட்டி, கேரியரில் உட்கார்ந்து மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போய் வந்தார்.

பிறகு ரேடியோ வந்தது. கேஸ் அடுப்பு வந்தபோது வெடித்துவிடும் என்று பயந்து சிலிண்டரைக் கொல்லைப்புறத்தில் வைத்த வீடுகள் உண்டு. 1975ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. டயனோரா, சாலிடேர் பெட்டி இருந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குத் தெருவே கூடியது.

இதில் மிக்சி, கிரைண்டர் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1984ல் எங்கள் வீட்டில் கிரைண்டர் வாங்கினோம். முதல் நாள் இட்லியைத் தின்றுவிட்டு அப்பா சொன்னார், "ஆட்டுக்கல் ருசி வரலே." பொதுவாக எதிர்த்துப் பேசாத அம்மா அன்று பேசினார்: "முப்பது வருஷமா ஆட்டின கையைக் கேட்டுட்டுச் சொல்லுங்க." அப்பா இன்னொரு இட்லி கேட்டு வாங்கிக்கொண்டார். ருசி போச்சு என்று சொன்ன யாருமே ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தவர்கள் இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. பின்னால் 2006ல் அரசு இலவசக் கலர் டி.வி. கொடுத்தபோதும், 2011ல் மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தபோதும் கேலி பேசியவர்கள் உண்டு. கேலி பேசியவர்கள் வீட்டில் அவை ஏற்கெனவே இருந்தன.

வீட்டுக்கு வந்த இயந்திரம் வேலையை எடுத்துக்கொண்டது, ஆளை விட்டுவிட்டது. அம்மாவுக்குக் கை வலி போனது, அம்மா போகவில்லை. அதனால்தான் எல்லாப் பயமும் ஆறு மாதத்தில் தீர்ந்தது. தொழிற்சாலைக்கு வந்த இயந்திரம் அப்படி இல்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். லேத்தில் உளி உரசும் சத்தத்தைக் கேட்டே அளவு சொல்லிவிடுவார். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். 1989ல் எங்கள் கம்பெனிக்கு முதல் சி.என்.சி. மெஷின் வந்தது. ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் பெரிய மாலை. பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். நான் இளையவன், இங்கிலீஷ் கொஞ்சம் படிப்பேன்.

திரும்பி வந்ததும் மேஸ்திரி என்னைக் கேட்டார்: "இது வந்தா நான் எங்கே நிக்கணும்?"

"உங்க இடத்துக்கு ஒண்ணும் ஆகாது மேஸ்திரி. மெஷினுக்கும் உங்களை மாதிரி ஆள் வேணும்" என்றேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன். ஒரு வருஷத்தில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். போல்ட்டு எண்ணிக் கொடுக்கும் வேலை. சம்பளம் குறையவில்லை. ஆனால் அவர் மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்காருவதை நிறுத்திவிட்டார். பிறகு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மெஷினை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். நூறு பீஸும் ஒரே அளவில் வந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, சமாதானம்தான் சொன்னேன்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களைப் படிக்காதவர்கள், முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்று சொல்வது வழக்கம். சரித்திரத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. இங்கிலாந்தில் 1811ல் தறிகளை உடைத்த லட்டைட்டுகள் தறியோடு பிறந்து வளர்ந்தவர்கள். கூலியைக் குறைக்கவும் மட்டச் சரக்கு போடவும் இயந்திரத்தைப் பயன்படுத்தியதைத்தான் எதிர்த்தார்கள். 1812ல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் தறி உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் போட்டது. நம் நாட்டு வங்கிகளில் சண்டை அந்த அளவுக்குப் போகவில்லை. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று ஊழியர்கள் போராடினார்கள். 1983ல் சங்கங்களும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசி, கொஞ்சம் கொஞ்சமாக இயந்திரம் வைக்க ஒப்பந்தம் போட்டார்கள். 1984ல் ரங்கராஜன் கமிட்டியின் அறிக்கை வந்தது. அங்கே 'நான் எங்கே நிக்கணும்' என்று கேட்க ஒரு சங்கம் இருந்தது. பேச்சுவார்த்தைக்கு ஒரு மேஜை இருந்தது. மேஸ்திரிக்கு நான்தான் இருந்தேன்.

இனி ஆவடிக்கு வருகிறேன். எச்.வி.எஃப்பில் 1965ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இங்கிலாந்தின் விக்கர்ஸ் வடிவமைப்பு, 105 மில்லிமீட்டர் பீரங்கி. உள்ளே நான்கு பேர்: கமாண்டர், பீரங்கி சுடுபவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர். ரயிலில் போகும்போது ஆவடியில் தார்ப்பாய் போர்த்திய வாகன்களைப் பார்த்தால், "அதோ நம்ம ஊர் டாங்கி" என்று பெட்டியே எட்டிப் பார்க்கும்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ரஷ்ய டி-72 இங்கேயே தயாரானது. அஜேயா என்று பெயர். அதில் மூன்றே பேர். குண்டு நிரப்பும் நாலாவது ஆளின் வேலையை ஒரு சுழலும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. டாங்கி சின்னதாயிற்று, உயரம் குறைந்தது, எதிரிக்குக் குறி வைப்பது கஷ்டமாயிற்று. ஆனால் குண்டுகள் மீதி மூன்று பேரின் காலடியிலும் சுற்றிலும் இருந்தன. 1991 வளைகுடாப் போரில் அடிபட்ட ஈராக்கிய டி-72களின் மேல்பகுதி தனியே பிய்த்துக்கொண்டு போனதை உலகம் பார்த்தது.

1974ல் ஆரம்பித்த அர்ஜுன் திட்டத்தை ஆவடியில் உள்ள சி.வி.ஆர்.டி.இ. ஆராய்ச்சிக்கூடம் முன்னெடுத்தது. 2004ல்தான் அது ராணுவத்தின் கைக்குப் போனது. தாமதத்தைப் பற்றி நம் டீக்கடைகளில் பேசாத பேச்சில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அர்ஜுனில் மறுபடியும் நான்கு பேர். குண்டு நிரப்புகிறவர் திரும்பி வந்தார். புதிய இயந்திரம் என்றாலே ஆள் குறைய வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

2017 ஜூலையில் அதே ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து 'முந்த்ரா' வந்தது. பி.எம்.பி. என்னும் சங்கிலிச்சக்கர வண்டியை மாற்றி அமைத்தது. உள்ளே ஒருவரும் இல்லை. தொலைவிலிருந்து இயக்குவார்கள். வேவு பார்க்க ஒன்று, கண்ணிவெடி கண்டுபிடிக்க ஒன்று, அணுக்கதிர், உயிரி ஆயுத ஆபத்து உள்ள இடத்துக்குப் போக ஒன்று என்று மூன்று வகை. ராஜஸ்தானில் மகாஜன் பாலைவனத்தில் சோதித்தார்கள்.

அன்று காலை நடைப்பயிற்சியில் இதுதான் பேச்சு. ஒருவர் "ரஜினியின் எந்திரன் ஆவடிக்கே வந்துட்டான்" என்றார். இன்னொருவர் "எச்.வி.எஃப்ல இனி ஆள் எடுப்பாங்களா?" என்று கவலைப்பட்டார். எங்கள் கூட்டத்தில் டாங்கிப் படையில் ஓட்டுநராக இருந்த ஒரு மிலிட்டரிக்காரர் உண்டு. அவர் கடைசியில்தான் பேசினார்.

"ராஜஸ்தான் வெயில்ல அந்த இரும்புக்குள்ள உட்கார்ந்தவனுக்குத்தான் சார் தெரியும். கண்ணிவெடி மேல போற வண்டியில ஆள் இல்லைன்னா, அதுக்கு நான் கோயில் கட்டுவேன்."

எனக்கு அம்மாவின் ஆட்டுக்கல் ஞாபகம் வந்தது. கை வலித்தவரைக் கேட்டாயிற்று. பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். "தேடறதுக்கு, வெடி எடுக்கறதுக்கு மெஷின் போகட்டும். சுடறதுக்கு மட்டும் ஒரு மனுஷன் வேணும் சார். தப்பா சுட்டா ராத்திரி தூங்க முடியாம தவிக்க ஒருத்தன் வேணும்."

ஆளில்லா ஆயுதம் புதிது அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் கோலியாத் என்ற குட்டி வண்டியில் வெடிமருந்து நிரப்பிக் கம்பி வழியாக இயக்கினார்கள். அதற்கும் முன்னால் 1939-40ல் ஃபின்லாந்துப் போரில் சோவியத் படை ரேடியோவில் இயங்கும் டாங்கிகளை விட்டுப் பார்த்தது. அவற்றில் பொத்தான் ஒரு மனிதன் கையில் இருந்தது. முந்த்ராவிலும் அப்படித்தான். தானே இலக்கைத் தேர்ந்து தானே சுடும் ஆயுதங்களைப் பற்றி 2014 முதல் ஜெனீவாவில் ஐ.நா. நாடுகள் கூடிப் பேசி வருகின்றன. பெரிய பெரிய அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் அங்கே விவாதிப்பது, தப்பு நடந்தால் பொறுப்பு யாருடையது என்பதைத்தான். அதாவது பூந்தமல்லிப் பாட்டியம்மா கேட்ட அதே கேள்வி.

திரும்பி வரும்போது பேரனிடம் மேஸ்திரி கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். பிறகு, "நீங்க அவரை அப்புறம் போய்ப் பார்த்தீங்களா தாத்தா?" என்று கேட்டான்.

ஒரே ஒரு தடவை பார்த்தேன், பட்டாபிராமில் அவர் வீட்டில். எனக்குக் காபி கொடுத்தார். சி.என்.சி. நன்றாக ஓடுகிறதா என்று விசாரித்தார். ஓடுகிறது என்றேன். "சத்தம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன் கதவைச் சாத்திவிட்ட பிறகு நான் அதைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.