ஆங்கிலத்தில் ஒருமைப் பெயரும் நிச்சயமற்ற சுட்டிடைச்சொல்லும்

ஆங்கிலத்தில் எண்ணத்தக்க பொருளைக் குறிக்கும் ஒருமைப் பெயருக்கு முன் நின்று, அப்பொருள் இன்னதென்று காட்டாமல், அவ்வகையில் ஏதேனும் ஒன்று என்று மட்டும் உணர்த்தும் ‘எ’, ‘அன்’ ஆகிய இரண்டும் நிச்சயமற்ற சுட்டிடைச்சொல்லின் வடிவங்களாகும். கேட்பவர் அறிந்த பொருளைச் சுட்டும் ‘தி’ நிச்சயச் சுட்டிடைச்சொல் எனப்படும். ஆகவே ஒரு கதையில் நாய் முதன்முதலாக வரும்போது ‘எ டாக்’ என்றும், அதே நாய் மீண்டும் வரும்போது ‘தி டாக்’ என்றும் எழுதப்படும்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ எனப் பொருள்பட்ட ‘ஆன்’ என்னும் எண்ணுப்பெயரே அழுத்தம் குறைந்து ‘அன்’ ஆகி, பின்னர் மெய்யொலிக்கு முன் இறுதி னகரத்தையும் இழந்து ‘எ’ ஆயிற்று. ஆதலால் இரண்டனுள் மூத்தது ‘அன்’. உயிரொலிக்கு முன் னகரம் புதிதாகச் சேர்வதில்லை, பழைய னகரமே அங்கு எஞ்சி நிற்கிறது. இந்த னகரம் எச்சொல்லுக்கு உரியது என்ற மயக்கத்தால் சில சொற்களின் உருவமே மாறியது: சமையலறை மேலாடையைக் குறித்த ‘நேப்ரன்’ தன் முதலெழுத்தை இழந்து ‘ஏப்ரன்’ ஆக, ‘கூடுதல் பெயர்’ எனப் பொருள்பட்ட ‘ஈக்நேம்’ னகரத்தை ஏற்று ‘நிக்நேம்’ ஆயிற்று.

ஒன்று என்னும் எண்ணிலிருந்து பிறந்தமையால், இச்சொல் பன்மைப் பெயரோடும், எண்ணி அளக்க இயலாத பொருட்பெயரோடும் பொதுவாகச் சேர்வதில்லை. தமிழில் ‘ஓர் அறிவுரை’ என்பது இயல்பாயினும், ஆங்கிலத்தில் ‘அட்வைஸ்’ எண்ண இயலாப் பெயராதலின், ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்றே சொல்ல வேண்டும். ஒரே பெயர் இருவகையிலும் வருவதுண்டு. ‘பேப்பர்’ தனித்து நின்றால் தாள் என்னும் பொருளையும், ‘எ பேப்பர்’ எனில் ஒரு செய்தித்தாளையும் குறிக்கும்.

வடிவத்தை முடிவுசெய்வது அடுத்த சொல்லின் முதல் ஒலியேயன்றி எழுத்தன்று. மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்னும் சொல் மெய்யெழுத்தில் தொடங்கினும், அவ்வெழுத்து ஒலிக்காமையால் ‘அன் அவர்’ என வரும், ‘யுனிவர்சிட்டி’ உயிரெழுத்தில் தொடங்கினும், யகர ஒலியோடு பிறப்பதால் ‘எ யுனிவர்சிட்டி’ என வரும், ‘எம்.எல்.ஏ.’ என்பது எகர ஒலியில் தொடங்குவதால் ‘அன்’ பெறும்.

தமிழிலும் ஒன்று என்னும் எண் ‘ஒரு மரம்’, ‘ஓர் ஊர்’ என அடுத்துவரும் ஒலிக்கேற்ப வடிவம் மாறுகிறது. எனினும் தமிழில் ‘அவர் ஆசிரியர்’ என்றாலே தொடர் நிறைவுறும். ஆங்கிலத்திலோ எண்ணத்தக்க ஒருமைப் பெயர் பெரும்பாலும் சுட்டிடைச்சொல்லோ உடைமைச் சொல்லோ போன்ற ஒரு துணையின்றி நில்லாது என்பதால், ‘ஷீ இஸ் எ டீச்சர்’ என்பதே பிழையற்ற தொடராகும்.