தலைக்கோலும் தண்டனைக் கோவையும்

வைகாசி மாதத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். முல்லைத்தீவு மண்ணில் அந்த அம்மனின் கதை கோயில் வாசலோடு நின்றுவிடுவதில்லை. கோவலன் கூத்தாகவும் அது தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்துள்ளது. முல்லைமோடி என்று பெயர் பெற்ற அந்த மரபில் கண்ணகியாகவும் மாதவியாகவும் ஆடியவர்கள் ஆண்களே. சேலை கட்டி, கொண்டை முடித்து, நீதி கேட்டுக் களரியில் நிற்கும் அந்தக் கண்ணகியைப் பார்த்து ஊர்ப் பெண்கள் கண்ணீர் விடுவார்கள். வேடம் கட்டியவர் இன்னாரின் மகன் என்பது சபையிலிருந்த அனைவருக்கும் தெரியும். அதனால் அவருடைய மதிப்புக் குறைந்ததில்லை.

ஆனால் அதே ஊரில், வேடம் எதுவும் கட்டாமலே பெண்ணின் மனத்தோடு வளர்ந்த பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? ஓர் ஏளனப் பெயர், பள்ளிக்கூட வாசலில் கேலி, வீட்டில் அடி. மேடையில் மதித்ததை மேடைக்கு வெளியே மதிக்க நாம் பழகவில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் ஒரு விருது விழாவைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த முரண்பாடே என் நினைவுக்கு வருகின்றது.

தமிழ்நாடு அரசு 2008 ஏப்ரல் 15ஆம் நாள் திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. இந்தியாவில் ஒரு மாநில அரசு இத்தகைய வாரியத்தை அமைத்தது அதுவே முதன்முறை. பின்னர் அந்நாளே திருநங்கையர் நாளாக அறிவிக்கப்பட்டது. சொந்த முயற்சியால் முன்னேறிப் பிறருக்கும் துணைநின்ற ஒருவருக்கு ஒரு இலட்சம் ரூபாயும் சான்றிதழும் அடங்கிய சிறந்த திருநங்கை விருதும் ஏற்படுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டுக்கான முதல் விருதைப் பெற்றவர் தூத்துக்குடியைச் சேர்ந்த கிரேஸ் பானு. தலித் சமூகத்தில் பிறந்து, பொறியியல் கல்லூரியில் போராடி இடம்பெற்றவர் அவர். 2022இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவருக்கு விருதை வழங்கினார்.

கலைக்கும் ஆற்றலுக்கும் அவையில் சிறப்புச் செய்வது தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி சோழ மன்னன் முன் ஆடித் தலைக்கோல் பட்டம் பெறுகிறாள். தலைக்கோல் என்பது போரில் தோற்ற மன்னனின் வெண்கொற்றக் குடையிலிருந்து கொண்ட காம்பு. மணி பதித்துப் பொற்றகடு வேய்ந்து அதனைப் போற்றினர். அதே மாதவி பின்னர் கடலாடு காதையில் ஆடும் பதினொரு ஆடல்களுள் ஒன்று ‘பேடு’. வாணனின் நகரில் சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்கக் காமன் பேடி உருக்கொண்டு ஆடிய ஆடல் அது. மணிமேகலைக் காப்பியத்திலும் புகார் நகரத்து வீதியில் பேடிக்கூத்தைக் கூடிநின்று பார்க்கும் மக்கள் வருகின்றனர். தொல்காப்பியர் சொல்லிலக்கணம் வகுக்கும்போது இத்தகையோரை உயர்திணையிலேயே வைத்தார்.

அக்காலத்தில் அவர்கள் இன்னலின்றி வாழ்ந்தனர் என்று இதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. பேடி என்ற சொல் கோழையைக் குறிக்கும் வசையாகவும் நம் இலக்கியங்களில் வழங்கியிருக்கிறது. ஆயினும் அவர்களின் இருப்பையே குற்றமாக எழுதிவைத்த சட்டம் வெளியிலிருந்து வந்தது. 1871இல் பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்த குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட இந்திய மாகாணங்கள் சிலவற்றில் இவர்களைப் பொலிஸ் பதிவேட்டில் ஏற்றியது. பதிவானவர் பெண்ணுடையில் வீதிக்கு வந்தாலோ பொதுவிடத்தில் ஆடினாலோ பாடினாலோ இரண்டாண்டு வரை சிறை. ஆடுவதே குற்றமாயிற்று.

அந்தச் சட்டம் பிறந்து 148 ஆண்டுகளின் பின், 2019இல், மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவரே. சிறு வயதிலேயே வீட்டாரின் புறக்கணிப்புக்கு ஆளானவர், தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் தங்கி நாட்டியம் கற்றார். அவருக்கு விருது கிடைத்தது நடனத்துக்காக. எனினும் தம்மை மறைத்துக்கொண்டு அவர் அதைப் பெறவில்லை. முல்லைத்தீவுக் கூத்துக் களரிக்கும் குடியரசுத் தலைவர் மாளிகைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். களரியில் வேடம் கலைந்ததும் மதிப்பும் கலைந்துவிடும்.

ஈழத்தவருக்கும் இவ்வகையில் ஒரு சிறப்புக் கிடைத்ததுண்டு. அமெரிக்காவில் 1989 முதல் ஆண்டுதோறும் வழங்கப்படும் லாம்டா இலக்கிய விருதுகள், தன்பாலீர்ப்பினர், மாறிய பாலினத்தவர் ஆகியோரின் எழுத்துக்கென்றே ஏற்பட்டவை. ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட ‘ஃபன்னி போய்’ நாவல் அவ்விருதைப் பெற்றது. சேலை உடுத்தி மணமகளாக விளையாட விரும்பும் ஒரு கொழும்புத் தமிழ்ச் சிறுவனின் கதை அது. 1983 யூலை வன்செயலில் வந்து முடிகின்றது. அந்த நெருப்பு ஷியாமின் குடும்பத்தைக் கனடாவுக்குத் துரத்தியது. அதே காலத்து வன்செயல்கள் மலையகத் தமிழர் பலரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. இனத்தின் பெயரால் விரட்டப்பட்ட துயரத்தை நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். அச்சிறுவன் தன் வீட்டுக்குள்ளேயே விரட்டப்பட்டதை எழுதவில்லை.

இந்தியாவில் 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே தெரிவு செய்யும் உரிமையை ஏற்றது. 2018 செப்டெம்பர் 6இல், வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலுறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை 365ஆம், 365அ பிரிவுகளோடு இன்னும் நிற்கின்றது. 1995இல் ஒரு திருத்தம் வந்தது. ஆண்களுக்கு மட்டும் இருந்த குற்றத்தைப் பெண்களுக்கும் அது விரித்தது. இப்பிரிவுகளை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. ஆனால் பாராளுமன்றம் அதனை நிறைவேற்றவில்லை.

ஒரு வழி மட்டும் திறந்தது. 2016 முதல், மனநல வைத்திய நிபுணரின் பாலின அங்கீகாரச் சான்றிதழைப் பெற்றுப் பிறப்புப் பதிவில் பெயரையும் பாலினத்தையும் திருத்திக்கொள்ளலாம். ஆனால் முள்ளிவாய்க்கால் வரை நடந்து மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்த மக்களில் எத்தனையோ பேர் பிறப்புச் சான்றிதழையே இழந்திருந்தனர். இழந்த பதிவை மீட்பதே பெரும்பாடு. அப்பதிவைத் திருத்தவும் வேண்டியவருக்கு அலைச்சல் இரு மடங்கு.

விருதால் மட்டும் எதுவும் மாறிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். விருது ஆண்டுக்கு ஒருவருக்கே. கிரேஸ் பானுவே கல்வியிலும் வேலையிலும் சாதிப்பிரிவுகள் ஒவ்வொன்றுக்குள்ளும் தம்மவர்க்குத் தனி ஒதுக்கீடு கேட்டு இடையறாது போராடி வருபவர். தமிழ்நாட்டில் முதலில் வாரியம் வந்தது. அடையாள அட்டை, குடும்ப அட்டை வந்தன. விருது அவற்றுக்குப் பின்னரே வந்தது. அந்த வரிசை சரியானது. உண்ண வழியில்லாதவருக்குப் பொன்னாடை போர்த்துவதில் பொருளில்லை.

இதில் என் தொழிலுக்கும் பங்குண்டு. பத்திரிகைகளில் இவர்களுக்கு இடம் கிடைத்தது பெரும்பாலும் நீதிமன்றச் செய்திகளிலும் துணுக்குகளிலுமே. ‘அலி’ என்ற சொல்லை எவ்விதக் கூச்சமுமின்றி நாங்கள் அச்சிட்டோம். செய்தியை ஒப்புநோக்கித் திருத்திய என் கையும் அச்சொல்லைத் திருத்தியதில்லை. ‘திருநங்கை’ என்ற சொல் பரவலான பின்னரே, முன்னைய சொல் எவ்வளவு சுட்டிருக்கும் என்பது எனக்கு உறைத்தது.

வன்னியிலும் ஆண்டுதோறும் விருது விழாக்கள் நடைபெறுகின்றன. பிரதேச செயலகங்களின் பண்பாட்டு விழாக்களில் கூத்தரும் புலவரும் பொன்னாடை பெறுகின்றனர். அந்தப் பட்டியலில் ஒரு திருநங்கையின் பெயர், அவர் தமக்கெனத் தெரிவு செய்த பெயரிலேயே, ஒருநாள் வாசிக்கப்படவேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியலை எழுதுபவர் மனம் வைத்தாலே போதும்.