ஒரு பந்தய சைக்கிளின் பிறப்பும் விலையும்

1990களின் நடுப்பகுதியில் இங்கிலாந்து நாட்டின் நாட்டிங்காம் நகரில் நான் படித்துக்கொண்டிருந்தேன். நான் குடியிருந்த வீட்டுக்குரியவர் கணவரை இழந்த ஒரு மூதாட்டி. ஒருநாள் அவர் என்னை அழைத்துச் சென்று கொல்லைப்புறத்துக் கொட்டகையைத் திறந்து காட்டினார். சிவப்பும் கறுப்பும் மஞ்சளும் பூசிய ஒரு பந்தய சைக்கிள், தூசி படிந்து சுவரில் சாய்ந்திருந்தது. "இதை விற்றுக் கொடுக்க இயலுமா?" என்று கேட்டார்.

அதே வண்ணத்துச் சைக்கிள்களை அந்நகரத் தெருக்களில் பலமுறை கண்டிருந்தேன். ஆகவே, தெருவில் ஓடும் பழைய வண்டிக்கு என்ன விலையோ, அதையே இதற்கும் வைத்தேன். வாங்க வந்தவர் வண்ணத்தைப் பார்க்கவில்லை. பெடலைச் சுழற்றிப் பார்க்கவுமில்லை. வந்தவுடன் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பெடல் அச்சு தங்கும் கூட்டின் அடிப்பகுதியில் ஒட்டியிருந்த அழுக்கைக் கைக்குட்டையால் துடைத்தார். ஒரு கணம் உற்று நோக்கினார். பிறகு, கேட்ட விலையைப் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டு, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வாங்குபவர் பேரமே பேசவில்லை என்றால், விற்றவன் ஏமாந்துவிட்டான் என்றுதான் பெரும்பாலும் பொருள். எதில் ஏமாந்தேன் என்பதை அறிய எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. அதற்கு அந்நாட்டுச் சைக்கிள் தொழிலின் வரலாற்றையே நான் படிக்க வேண்டியதாயிற்று. அவ்வரலாற்றில் ஒரு பகுதியை நேயர்களுக்குச் சொல்லுகிறேன்.

இன்று நாம் காணும் சைக்கிளின் முன்னோடி 1885ஆம் ஆண்டில் கவென்ட்ரி நகரில் பிறந்தது. ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் செயினால் இயக்கும் அமைப்பும் கொண்ட அவ்வண்டியை அமைத்தவர் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர். சில ஆண்டுகளுக்குள் ஃபிராங்க் பௌடன் என்பவர் நாட்டிங்காமில் ராலி என்னும் தெருவிலிருந்த சிறு பட்டறை ஒன்றில் பங்கு கொண்டார். அத்தெருவின் பெயரே உலகெங்கும் பரவிய ராலி சைக்கிளின் பெயராயிற்று. ராலி நிறுவனம் வளர வளர மற்ற நிறுவனங்களை விலைக்கு வாங்கிற்று. 1932இல் ஹம்பர், 1943இல் ரட்ஜ், 1954இல் டிரையம்ப், 1957இல் பி.எஸ்.ஏ. சைக்கிள் எனப் பல பெயர்கள் அதன் கைக்கு வந்தன. ஆகவே சைக்கிளின் நெற்றியில் பதித்த பட்டயம் ஒரு பெயரைச் சொல்லும். அது பிறந்த ஆலையோ வேறாக இருக்கும். பழைய வண்டியை ஆராய்பவர்கள் முதலில் மனத்திற்கொள்ள வேண்டுவது இது.

அடுத்தது, குழாய். சைக்கிளின் சட்டம் என்பது சில எஃகுக் குழாய்களின் சேர்க்கையே அன்றோ? குழாய்கள் ஒன்றோடொன்று கூடும் முனைகளில்தான் பளு மிகுதி. நடுப்பகுதியில் அத்துணைக் கனம் வேண்டியதில்லை. எனவே வெளியே ஒரே பருமனாகவும், உள்ளே முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும்படி குழாய் செய்தால் வண்டி இலேசாகும். இந்த நுட்பத்துக்கு 1897இல் காப்புரிமை பெற்றவர் பர்மிங்காம் நகரத்து ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ். அவர் குடும்பத்தின் தொழில் ஆணி செய்வது! 1935இல் அந்நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த '531' என்னும் குழாயை வெளியிட்டது. அதன் பின்னர் ஐம்பதாண்டுகள் நல்ல பந்தய வண்டி என்றால் '531' என்று சொல்லுமளவுக்கு அது புகழ் பெற்றது. 1970களில் வந்த '753' இன்னும் மெல்லியது. மிகுந்த சூட்டில் அது தன் வலிமையை இழந்துவிடும். ஆதலால் பற்றவைப்புச் சோதனையில் தேறிய கைவினைஞர்களுக்கு மட்டுமே அக்குழாய் வழங்கப்பட்டது.

ரெனால்ட்ஸ் நிறுவனம் 1928 முதல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெருங்குழுமத்தைச் சேர்ந்தது. 1960இல் ராலியும் அக்குழுமத்தில் அடங்கியது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை 1949இல் நிறுவப்பட்டதும் அதே குழுமத்தின் கூட்டுறவால்தான். நம் வீட்டுச் சைக்கிளில் நாம் கண்ட 'டி.ஐ.' என்னும் அந்த எழுத்துகளையே, 1980ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சுற்றுப்பந்தயத்தில் வென்ற யோப் ஸூட்டெமெல்க் மார்பில் அணிந்திருந்தார். அவருடைய அணியின் பெயர் டி.ஐ.–ராலி.

அந்த அணியின் வண்ணம் சிவப்பு, கறுப்பு, மஞ்சள். இனி என் தவறு நேயர்களுக்கு விளங்கும். அணியின் வண்டிகளைச் செய்தது நாட்டிங்காம் பேராலை அன்று. 1974 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், அருகிலுள்ள இல்கெஸ்டன் என்னும் ஊரில் ஜெரல்டு ஓ'டோனவன் என்பவர் தலைமையில் நடந்த சிறு பட்டறை ஒன்றே அவற்றைச் செய்தது. அங்கே வெளியார்க்கும் செய்து கொடுத்தார்கள். பந்தய வெற்றியின் புகழ் பரவவே, அதே மூவண்ணத்தைத் தடித்த குழாய் வண்டிகளுக்கும் பூசி, ராலி நிறுவனம் ஊரெங்கும் விற்றது. வண்ணம் ஒன்று, வண்டி வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அடியில் பொறித்த எண்தான். இல்கெஸ்டன் பட்டறையின் எண்கள் 'எஸ்.பி.' என்ற எழுத்துகளோடு தொடங்கும். ஏறத்தாழ வரிசையாகச் செல்வதால் செய்த ஆண்டையும் அவற்றால் உய்த்துணரலாம்.

மற்ற ஆலைகளின் எண்களும் பேசும். 1973ஐ ஒட்டி வந்த முறைப்படி, முதலெழுத்து ஆலையைக் குறிக்கும்: 'என்' என்றால் நாட்டிங்காம், 'டபிள்யூ' என்றால் வொர்க்சாப். எழுத்துகளை அடுத்த முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். ஆனால் '4' என்றிருந்தால் அது 1974ஆ, 1984ஆ? இங்கேதான் வரலாறு துணைக்கு வருகிறது. வொர்க்சாப் ஆலை 1981இல் மூடப்பட்டது. ஆகவே அவ்வாலையின் '4' 1974ஆகத்தான் இருத்தல் வேண்டும். நாட்டிங்காம் எண்ணுக்கு இந்த வழி இல்லை. வேறு சாட்சிகளைத் தேட வேண்டும்.

பின்சக்கரத்தைக் கழற்றி, அது பொருந்தும் இரு கவைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 120 மில்லிமீட்டர் என்றால் ஐந்து பல்சக்கரங்களின் காலம். 126 என்றால் ஆறோ ஏழோ கொண்ட பிற்காலம். கியர் மாற்றும் கருவி இத்தாலி நாட்டுக் காம்பக்னோலோவாக இருந்தால் இன்னும் நல்லது. 1967இல் வந்த அவர்களுடைய 'நுவோவோ ரெகார்டு' கருவிகள் பலவற்றில் காப்புரிமைக் குறிப்பை அடுத்து ஆண்டின் இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். ஆயினும் அது கருவியின் ஆண்டே. கருவியை ஒரே மாலையில் மாற்றிவிடலாம். சட்டத்தை மாற்றினால் வண்டியே மாறிவிடும். ஆகவே இரண்டும் முரண்பட்டால் சட்டத்தையே நம்ப வேண்டும்.

குழாயில் ஒட்டிய '531' என்ற சீட்டையும் அப்படியே நம்பிவிடலாகாது. சீட்டு தனியே விலைக்குக் கிடைக்கும் பொருள். சீட்டிலுள்ள சிற்றெழுத்துகளைப் படியுங்கள். மூன்று பெருங்குழாய்கள் மட்டுமே '531' என்று சில சீட்டுகளே ஒப்புக்கொள்ளும். இருக்கைத் தண்டை வெளியே எடுத்து அதன் குறுக்களவைப் பாருங்கள். முனை தடித்த '531' சட்டங்களுக்குப் பெரும்பாலும் 27.2 மில்லிமீட்டர் தண்டு பொருந்தும். அதைவிடச் சிறிய தண்டே கொள்ளும் என்றால் குழாய்ச் சுவர் தடித்தது என்று ஐயுறலாம். தண்டு துருவேறி இறுகி அசையவே மறுத்தால், அதுவும் ஒரு செய்திதான். விலையைக் குறைக்கும் செய்தி.

விலை என்பது பிறப்பை மட்டும் பொறுத்ததன்று. முன்கவை தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னே, கீழ்க்குழாயின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். சுருக்கம் தட்டுப்பட்டால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது. சட்டம் மிக உயரமாகவோ மிகக் குட்டையாகவோ இருந்தால் வாங்குவோர் குறைவர். எல்லாவற்றினும் பெரிய தவறு, விற்பதற்கு முன் புதுவண்ணம் பூசுவது. கீறலும் மங்கலுமான பழைய பூச்சு வண்டியின் பிறப்புச் சான்று. சட்டியோடு தூரிகையை எடுத்து அந்தச் சான்றை அழித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்; அவர்கள் முகத்தில் இருந்த பெருமிதத்தையும் கண்டிருக்கிறேன்! ஈரத்துணியால் துடைத்தால் போதும். விலை வைக்கும்போது பிறர் கேட்ட விலைகளைப் பாராமல், ஏலத்திலும் சந்தையிலும் அத்தகைய வண்டி உண்மையில் விலைபோன தொகையைப் பார்க்க வேண்டும். கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. யாரும் எதையும் கேட்கலாம்.

இவ்வளவும் இரும்பு சொல்லும் சாட்சியம். வீட்டார் சொல்லும் சாட்சியமும் ஒன்றுண்டு: யார் வாங்கினார், எங்கே வாங்கினார், இரசீது இருக்கிறதா என்பவை. அவற்றைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இல்கெஸ்டன் பட்டறையைப் பற்றி நூலகத்தில் படித்த அன்று மாலை, அடுப்பங்கரையில் தேநீர் கலந்துகொண்டிருந்த மூதாட்டியிடம் போய், நான் அந்த எண்ணைப் பார்க்காமலே விற்றுவிட்டதைச் சொன்னேன். ஊரின் பெயரைக் கேட்டதும் அவர் திரும்பினார்.

"இல்கெஸ்டனா? என் கணவர் எட்டு ஆண்டு அங்கேதானே வேலைக்குப் போய்வந்தார்" என்றார்.