எதிரொலியே கருவியான கதை

விமானம் கிளம்பும் முன் செல்போனை ஃப்ளைட் மோடில் போடச் சொல்கிறார்கள் இல்லையா? அதைவிடப் பலமான அலைகள் தரையிலுள்ள ரேடார்களிலிருந்தும் ஒலிபரப்புக் கோபுரங்களிலிருந்தும் வருகின்றன. விமானத்தின் எலக்ட்ரானிக் கருவிகள் அவற்றைத் தாங்குமா என்று முன்கூட்டியே சோதித்தாக வேண்டும். எப்படி? அதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு.

வெளி அலைகள் நுழையாதபடி உலோக அறைக்குள் சோதிப்பார்கள். அங்கேதான் தலைவலி. அலை சுவரில் பட்டுத் திரும்பி, ஓரிடத்தில் பலமாகவும் சற்றுத் தள்ளி மிகப் பலவீனமாகவும் இருக்கும். எனவே சுவரெங்கும் அலையை உறிஞ்சும் கூம்புகளை ஒட்டினார்கள். எதிரொலி அடங்கியது. ஆனால் இப்போது கருவிக்கு ஒரு திசையிலிருந்து மட்டுமே அலை வரும். பலவீனம் பின்பக்கம் இருந்தால்? திருப்பித் திருப்பி வைத்துச் சோதிக்க வேண்டியதுதான்!

1968-ல் எச். ஏ. மென்டிஸ் என்பவர் நேர்மாறாக ஒரு யோசனை சொன்னார். எதிரொலியை ஏன் ஒழிக்க வேண்டும்? அதையே பயன்படுத்தினால் என்ன? இப்படிப் பிறந்ததுதான் ரிவர்பரேஷன் சேம்பர், அதாவது எதிரொலி அறை.

இதில் சுவர்கள் வெறும் உலோகம். உள்ளே ஒரு பெரிய உலோகத் துடுப்பு சுழலும். அது சுழலச் சுழல, பலமான இடங்களும் பலவீனமான இடங்களும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு முழுச் சுற்றின் சராசரியைப் பார்த்தால், சுவரை ஒட்டிய பகுதி தவிர எங்கும் ஏறக்குறைய ஒரே அளவு! எல்லாத் திசையிலிருந்தும் அலை வரும். மைக்ரோவேவ் அடுப்பில் தட்டு சுழல்வதும் ஏறக்குறைய இதே காரணத்துக்குத்தான். இன்னொரு லாபம், சக்தி சுவரில் வீணாகாததால் சின்ன ஆம்ப்ளிஃபயரே போதும்.

விலையும் உண்டு. ஒரு குறிப்பிட்ட நொடியில் ஓரிடத்தில் எவ்வளவு அலை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. புள்ளியியல் கணக்குதான்.

அதனால் பயணம் நீண்டது. 1976-ல் இத்தாலியின் நேப்பிள்ஸில் கொரோனா குழுவினர் இத்தகைய அறையில் மைக்ரோவேவ் சக்தியை அளந்தார்கள். 1986-ல் அமெரிக்காவின் போல்டரில் கிராஃபோர்டும் கோப்கியும் சுமார் 2.7 × 3 × 4.6 மீட்டர் அறையை ஆராய்ந்து விரிவான அறிக்கை தந்தார்கள். 1998-ல் டேவிட் ஹில் கணிதக் கோட்பாட்டை வலுப்படுத்தினார். 2003-ல் ஐஇசி 61000-4-21 என்ற சர்வதேசத் தரம் வெளியானது. யோசனையிலிருந்து தரம் வரை 35 வருடங்கள்!

யோசித்துப் பாருங்கள். விமானமே ஓர் உலோகக் கூடுதானே? ஜன்னல் வழியே நுழையும் அலை உள்ளே மோதி மோதித்தான் திரும்புகிறது. கூம்பு ஒட்டிய அறை துல்லியமானது, ஆனால் கருவி வாழப்போகும் இடம் அப்படி இல்லை. குழப்பமான அறைதான் நிஜத்துக்குக் கிட்டே நிற்கிறது.