ஏழு படிவங்களும் ஒரு சாளரமும்

கப்பல் கரைக்கு வந்தாப்பிறகுதான் காகிதங்களின்ர பயணம் தொடங்கும். சுங்கத்துக்கு ஒரு படிவம், குடிவரவுக்கு ஒன்று, சுகாதாரத்துக்கு ஒன்று, துறைமுகத்துக்கு இன்னொன்று. கப்பலின்ர பெயர், கொடி, மாலுமிகள் எல்லாத்திலயும் அதேதான். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியோட கந்தோர் கந்தோரா அலைஞ்ச ஆக்களுக்கு இது விளங்கும்.

இதுக்கு ஒரு முடிவு கட்ட நாடுகள் உடன்பட்டது 1965 ஏப்ரல் 9, லண்டனில். இன்று சர்வதேச கடல்சார் அமைப்பு என்று நாங்கள் சொல்லும் ஐ.நா. நிறுவனம்தான் கூட்டியது. அந்த உடன்படிக்கை 1967 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை யோசனை மிக எளிமையானது: எந்தத் துறைமுகமானாலும் ஒரே மாதிரியான சில படிவங்கள் போதும். பொதுப் பிரகடனம், சரக்கு, கப்பலின் பாவனைப் பொருட்கள், மாலுமிகளின் சொந்தச் சாமான்கள், மாலுமிகள் பட்டியல், பயணிகள் பட்டியல். ஆபத்தான பொருட்களுக்கான ஏழாவது படிவம் 2002 இல்தான் சேர்ந்தது. அதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சிருங்கோ.

என்னைக் கேட்டால், உண்மையான சுலபமாக்கல் இந்தப் பட்டியல்தான். கணினி சும்மா பின்னால வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்கோ. 2015 ஜூனிலிருந்து எல்லாம் மின்னணுவில் என்று 2010 இல் சட்டம் போட்டார்கள். ஆனால் ஒவ்வொரு நாடும் தன்ர தன்ர பாட்டுக்கு ஒரு முறைமையைக் கட்டினதால கப்பல்காரருக்கு வேலை பெரிசாக் குறையேல்ல. கடைசியில் 2019 இல் புதுச் சட்டம் எழுத வேண்டி வந்தது. அதே வருசம் சிங்கப்பூர் தன்ர மூன்று நிறுவனங்களின் 16 படிவங்கள் வரை ஒரே விண்ணப்பமாக்கியது. 2024 ஜனவரி 1 முதல் உடன்படிக்கையில் உள்ள எல்லா நாடுகளுக்கும் இந்த 'ஒற்றைச் சாளரம்' கட்டாயம்.

இப்ப ஏழாவது படிவத்துக்கு வருவம். ஆபத்தான பொருள் எது, எவ்வளவு, கப்பலில் எங்க அடுக்கியிருக்கு என்று அது சொல்லும். ஆனால் இப்ப ஒழுகுதா என்று கேட்கிற பெட்டி அதில் இல்லை.

2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 1,486 கொள்கலன்களோட, 25 தொன் நைத்திரிக் அமிலத்தையும் கொண்டு கொழும்புக்கு வந்தது. வழியிலேயே ஒரு கொள்கலன் ஒழுகத் தொடங்கியிருந்தது. அதை இறக்க கட்டாரின் ஹமாட்டிலும் இந்தியாவின் ஹசிராவிலும் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் முடியாது என்று விட்டார்கள். மே 20 இல் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலில் தீ. பிறகு கரையெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் குறுணிகள், செத்த ஆமைகள், கடலுக்குப் போக முடியாத மீனவர்கள்.

கொழும்புக்கு யார், எப்ப, எவ்வளவு சொன்னார்கள் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது.